முன் இடது சீட்

மார்ச் 3, ஞாயிறு

இந்த நோட்டின் முன்பக்கம் என் வீட்டுக்காரருடையது. பின்பக்கம் இன்று முதல் என்னுடையது.

முன்பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பொருள், வெளியே, உள்ளே, எடுத்தவர், எதற்காக. ஒரு ஸ்பேனர் டப்பாவை விட்டு வெளியே வந்தால் நான் எழுத வேண்டும். திரும்பப் போனாலும் எழுத வேண்டும். மில் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் இப்படித்தான் நடந்ததாம். "எதுக்குன்னு எழுதாம ஒரு ஆணிகூட வெளிய போகப்படாது" என்றார். எடுப்பவரும் அவர்தான், வைப்பவரும் அவர்தான். திங்கட்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே பதிவேட்டைச் சரிபார்ப்பவரும் அவர்தான். எழுதுவது மட்டும் நான். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவளுக்கு நல்ல உத்தியோகம்.

கார் நேற்று லாரியில் வந்து இறங்கியது. பெரிய முதலாளியின் கார். கறுப்பு, வெளிநாட்டுக் கார், இருபத்திரண்டு வயது. மில் மூடிய பிறகு ஒன்பது வருஷம் ஷெட்டில் கிடந்தது. பழைய சாமான் ஏலத்தில் எடுத்திருக்கிறார். தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு நாகமாணிக்கம் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் சென்னியப்பண்ணா, இதுக்கு மெக்கானிக்கு எங்க கிடைப்பானுங்க?" என்று கேட்டார்.

"மெக்கானிக் எதுக்குங்? நான் இருக்கறன். லைட் புடிக்க இவ இருக்கறா."

எதற்கு இத்தனை அவசரம் என்று எனக்குத் தெரியும். முதலாளியின் பேத்தி மிருதுளா என்னிடம் மூன்று வருஷம் கணக்குப் படித்தவள். போன மாதம் போன் செய்து, "ஜூன் ஒன்பது கல்யாணம் டீச்சர், நீங்களும் சாரும் கண்டிப்பா வரோணும்" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அவர் புரண்டு புரண்டு படுத்தார். அடுத்த வாரம் ஏலம்.

அந்தக் காரில் போய் அந்தக் கல்யாண மண்டபத்து போர்ட்டிகோவில் இறங்க வேண்டும். யாராவது ஓடி வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

எனக்கும் ஓர் ஆசை. தாராபுரத்தில் பாப்பாத்தி அக்காவைப் பார்க்க வேண்டும். கிட்னி போய்விட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இன்று போன் செய்தாள். "எப்ப கண்ணு வர்றே?"

"கார் ரெடியாகட்டும், அதுலயே கூட்டிட்டுப் போறன்" என்று சொல்லியிருக்கிறார்.


மார்ச் 6, புதன்

எலி தின்ற வயர்களை மாற்றினோம். மூன்று மணி நேரம் டார்ச் பிடித்தேன். டார்ச் பிடிப்பதில் எத்தனை தப்பு செய்யலாம் என்று இன்று தெரிந்துகொண்டேன். அவர் கண்ணில் அடித்தால் தப்பு. அவர் கை நிழல் விழுந்தால் என் தப்பு. அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் பெரிய தப்பு.

"எருமை. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க எப்படித்தான் பாஸ் பண்ணுச்சோ!"

நாகமாணிக்கம் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னது.


மார்ச் 10, ஞாயிறு

தாராபுரம் போகவில்லை. பேட்டரி.


மார்ச் 17, ஞாயிறு

போகவில்லை. பெட்ரோல் பம்ப்.

பஸ்ஸில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். மதுரை பஸ் எல்லாம் தாராபுரம் வழியாகத்தான் போகிறது.

"வாசல்ல முதலாளி கார் நிக்கறப்ப எம் பொண்டாட்டி பஸ்ஸுல தொங்கீட்டுப் போறதா? அடுத்த ஞாயித்துக்கெழம போலாம். செத்தா போயிருவா உங்கக்கா?"

முதலாளி கார் என்று அவர் சொல்லலாம். நான் சொன்னால், "நம்ம கார்னு சொல்லு" என்று பாய்கிறார்.


மார்ச் 26, செவ்வாய்

இன்று முன் இடது சீட். மற்ற வேலை எல்லாம் அப்படியே கிடக்க, இரண்டு நாளாக இந்த ஒரு சீட்டுக்குத்தான் பூஜை.

கதை நூறு தடவை கேட்டதுதான். ஒரு ஐப்பசி மாதம், அடை மழை. ஷிப்ட் முடிந்து மில் கேட்டில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். இந்தக் கார் வந்து நின்றது. முதலாளி கண்ணாடியை இறக்கி ஏறச் சொன்னார். இவர் ஏறப் போகையில் டிரைவரிடம், "பேப்பர் விரிச்சுட்டு உக்கார வைய்யி" என்றார். முன் இடது சீட்டில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார். அன்று பேன்ட்டை நான்தான் துவைத்தேன். ஈரத்தில் அச்சு எழுத்து பின்பக்கம் முழுக்க இறங்கியிருந்தது. ஒரு சினிமா விளம்பரம்கூடப் படிக்க முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு வாங்கியது வேறு கதை.

இன்று அந்த சீட்டைக் கழற்றித் தோலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தார். உள்ளே மோட்டாரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினார். கதவில் சீட் உருவத்திலேயே ஒரு குட்டி சுவிட்சு இருக்கிறது. அதை அழுத்தினால் சீட் தானாக முன்னால் போகிறது, பின்னால் வருகிறது, சாய்கிறது. ஓடியதும் குழந்தை மாதிரி கை தட்டினார். "உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். "பேப்பர் இல்லாம உக்காந்திருக்கற பாத்தியா" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.


ஏப்ரல் 2, செவ்வாய்

பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கம் ஒரு அட்டவணை, எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மாட்டார். "படி" என்று மட்டும் சொன்னார். பூதக்கண்ணாடி வைத்து ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை படித்தேன். ஹாரன் நான்கு. வைப்பர் ஒன்பது. முன் வலது சீட் பதினாறு. முன் இடது சீட் பதினேழு. இரண்டும் பச்சை நிறம், முப்பது என்று போட்டிருக்கிறது. ஒன்று போனால் மற்றது ஓடும்.

அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத் திருப்பிச் செருகினார். எதற்கு எது என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை, மறுபடி மறுபடி கேட்டார். எனக்கு முதல் தடவையிலேயே நின்றுவிட்டது. எண்கள் எப்போதும் எனக்கு அப்படித்தான். அதைச் சொல்லவில்லை.


ஏப்ரல் 9, செவ்வாய்

மூன்று நாளாக எழுதவில்லை. சனிக்கிழமை தரையில் படுத்துக்கொண்டு அடிப்பக்கம் வேலை செய்தார். நான் குனிந்து டார்ச் பிடித்தேன். முதுகு பிடித்துக்கொண்டு கை ஆடிவிட்டது. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரால் விரல் முட்டியில் தட்டினார். லேசாகத்தான். இரண்டு விரல் வீங்கி, பேனா பிடிக்க முடியவில்லை.

முன்பக்கப் பதிவேட்டில் அன்றைக்குப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்கு எதற்காக என்ற கட்டத்தில் "சைலன்ஸர்" என்று இருக்கிறது.


ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. அக்காவுக்குப் போன் செய்தேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

"மாப்ள காரு என்னாச்சு வசந்தா?"

"ஓடுதுக்கா. பிரேக்குதான் இன்னும் செரியில்ல. அடுத்த ஞாயித்துக்கெழமை கட்டாயம் வர்றோம்."

"காரு கெடக்குது. நீ வா கண்ணு. உனக்குன்னு மயில்கழுத்துக் கலர்ல ஒரு பட்டு எடுத்து வெச்சிருக்கறன். நாலு வருஷமாச்சு. நீ வந்தாத்தான் குடுப்பன், ஆருகிட்டயும் குடுத்துவிட மாட்டன்."

போனை வைத்ததும் பின்னாலிருந்து, "டார்ச்சு!" என்று சத்தம்.


ஏப்ரல் 23, செவ்வாய்

காரின் மேல்கூரைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. தச்சர்கள் மரத்துக்குப் போடும் பசையைப் பூசி ஒட்டினார். வேண்டாங்க, இந்த வெயிலுக்கு நிற்காது என்றேன். கணக்கு டீச்சர் வாயை மூடவும் என்றார். மத்தியானம் நாகமாணிக்கத்தை உள்ளே உட்கார வைத்துப் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது துணி பிரிந்து இரண்டு பேர் தலையிலும் முக்காடு போட்டது. பசை முடியில் ஒட்டிக்கொண்டது.

நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

துணியை நான்தான் ஊசி நூல் கொண்டு தைத்தேன், மல்லாந்து படுத்து, இரண்டு நாள். பதிவேட்டில் ஊசியையும் எழுதச் சொன்னார்.


மே 5, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் "திருமதி வசந்தாமணி டீச்சர் குடும்பத்தினர்" என்று இருக்கிறது. அதைப் பிரித்து உறையைத் தூர எறிந்துவிட்டு, "எனக்குப் பத்திரிகை வெச்சிருக்காங்க பாரு" என்று தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். உறையைக் குப்பையிலிருந்து எடுத்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

என்ன உடுத்துவது என்று பேச்சு வந்தது. வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை தைக்கப் போகிறாராம். பெரிய முதலாளி எப்போதும் வெள்ளையும் வெள்ளையும்தான், இந்தக் காரிலிருந்து வெள்ளையில் இறங்கினால்தான் எடுப்பாக இருக்குமாம்.

"பட்டுக்கரை வேட்டி கட்டிக்குங்க. அது உங்களுக்கு நல்லாருக்கும். வெள்ளை பேன்ட் போட்டுட்டு அந்தக் காரை ஓட்டீட்டுப் போனா..."

"போனா?"

"இல்லீங். வேட்டி மரியாதையா இருக்கும்னு சொன்னன்."

"மரியாதையப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். (ஜூனில் எழுதிச் சேர்த்தது: அன்றைக்கு நல்லதுக்குத்தான் சொன்னேன்.)


மே 10, வெள்ளி

காலை ஏழே காலுக்குப் போன். அக்கா போய்விட்டாள்.

கார் நான்கு முட்டுக்கட்டைமேல் நின்றது. பிரேக் வேலைக்காகச் சக்கரம் நான்கும் கழற்றியிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். தடுத்தார்.

"ரெண்டு மணி நேரம் பொறு. மாட்டீர்றன். எழவுக்கு ஊரே வந்திருக்கும், காருலயே போலாம்."

பொறுத்தேன். ஏன் பொறுத்தேன் என்று இப்போது என்னையே கேட்கிறேன். நாற்பத்தோரு வருஷமாகப் பொறுத்த பழக்கத்தில் பொறுத்தேன்.

சக்கரத்துக்கு உள்பக்கம் இருட்டாக இருக்கிறது என்றார். டார்ச் பிடித்தேன். கூடப் பிறந்தவள் செத்துக் கிடக்கிறாள், நான் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். கை ஆடவில்லை. "இன்னிக்குத்தான் ஒழுங்காப் புடிக்கற" என்றார்.

ஒன்பதே கால் ஆனது, பத்தரை ஆனது. பிரேக் எண்ணெய் ஒழுகியது. பதினொன்றே முக்காலுக்கு, சொல்லாமல் எழுந்து நடந்தேன். டார்ச் கையிலேயே இருந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில்தான் பார்த்தேன்.

தாராபுரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனபோது மணி மூன்று. இரண்டரைக்கு எடுத்துவிட்டார்கள். வெயில் காலம், அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை என்றார்கள். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மருமகள் உள்ளே போய் அந்தப் பட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். "உங்களத்தாங் கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


மே 13, திங்கள்

பதிவேடு பார்த்தார். டார்ச் வெள்ளிக்கிழமை வெளியே போனதற்குப் பதிவு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். எழுதச் சொன்னார். பொருள், டார்ச். எதற்காக என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"எதுக்குக் கொண்டு போனியோ அதை எழுது."

எதுவும் எழுதாமல் விட்டேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.


மே 14, செவ்வாய்

மார்ச்சில் நூறு பஸ், ஏப்ரலில் நூறு பஸ் போயிருக்கும். நான் ஏறியிருக்கலாம்.


மே 25, சனி

அக்காவின் பதினாறாம் நாள் காரியம். பஸ்ஸில் போய் வந்தேன். கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போனேன். அவர் வரவில்லை. ரேடியேட்டருக்கு ஹோஸ் வந்திருந்தது.

அடுத்த மாதமே கல்யாண வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதான் தீட்டு. அதெல்லாம் அன்னிக்கே முடிஞ்சுபோச்சு."


மே 30, வியாழன்

கார் ஓடுகிறது. முழுசாக ஓடுகிறது. அவிநாசி ரோடு வரை போய் வந்தோம். ஏசி வருகிறது, கண்ணாடி ஏறி இறங்குகிறது, பிரேக் பிடிக்கிறது. நான் முன் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மெத்தென்று, நன்றாகத்தான் இருக்கிறது. அவர் சொன்னார்: "பாத்தியா, மூணு மாசம். ஒருத்தன் கை வைக்கல."

உண்மைதான். கெட்டிக்காரர். கைத்திறமையில் நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை.

தாராபுரம் எண்பது கிலோமீட்டர். இந்தக் காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும்.


ஜூன் 4, செவ்வாய்

டெய்லர் வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். சட்டையில் இரண்டு பாக்கெட், தோளில் சின்னப் பட்டை.

"எப்படி இருக்குது?"

"ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றேன்.

நானே கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டு வைத்தேன். மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும் என்று இரண்டு தடவை போட்டேன்.


ஜூன் 8, சனி

காரைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார். நாளை ஒன்பது மணி முகூர்த்தம். சாயங்காலம் அவர் முடி வெட்டப் போயிருந்தார். நான் காருக்குள் கொஞ்சம் பெருக்கினேன்.

அக்காவின் பட்டுக்கு ரவிக்கை சரியாக இருக்கிறது.


ஜூன் 9, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. அவர் வெள்ளையில், நான் மயில்கழுத்துப் பட்டில். காரின் இடது கதவைத் திறந்தால் சீட் டாஷ்போர்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கால்கூட நுழையாது. அவர் சுவிட்சை அழுத்தினார், அமுக்கினார், குத்தினார். அசையவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"ஃபியூஸ் போயிருக்குமா?"

"ஃபியூஸ்னா ரெண்டு சீட்டும் நின்னிருக்கோணுமேங்க. உங்க சீட்டு ஓடுதே" என்றேன்.

யோசித்தார். பானெட்டைத் திறக்கப் போனார். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். மணியைப் பார்த்தார்.

"மோட்டாரா இருக்கும். வந்து பாத்துக்கறன். நீ பின்னால ஏறு."

ஏறினேன். அவர் சொன்னதால்தான் ஏறினேன்.

மண்டபத்து போர்ட்டிகோவில் கார் போய் நின்றது. அவர் எதிர்பார்த்தபடியே ஒரு பையன் பட்டு வேட்டியில் ஓடி வந்தான். ஓடி வந்து என் கதவைத் திறந்தான்.

"வாங்க டீச்சர், வாங்க வாங்க! மிருதுளாக்கா உங்களக் கேட்டுட்டே இருக்குது!" பிறகு முன்னால் குனிந்து, "டிரைவர் அண்ணா, வண்டியப் பின்னால கிரவுண்டுல போட்டுருங்க. டிரைவருங்களுக்கு அங்கயே டிபன் போடறாங்க. டோக்கன் வாங்கிக்குங்க."

அவர் திரும்பவில்லை. நடுக்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணாடியில் கண் மட்டும் தெரிந்தது. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். இவர் என் வீட்டுக்காரர் என்று நாலு வார்த்தை. பின்னால் இரண்டு கார் ஹாரன் அடித்தன. அவரே சொல்லியிருக்கலாம், வாய் இருக்கிறது. என்னிடம் மூன்று மாதமாக ஓயாத வாய்.

இறங்கிப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன். பையனிடம் சொன்னேன்: "அவரு காலைல ஒண்ணும் சாப்பிடல தம்பி. நல்லாப் போடச் சொல்லு."

கார் மெதுவாகப் பின்பக்கம் போயிற்று.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டி முடிந்து மேடைக்குப் போனபோது மிருதுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார் வரலீங்களா டீச்சர்?"

"சாருக்கு உடம்புக்கு முடியல கண்ணு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இனி அவர் உள்ளே வந்தாலும் என் வீட்டுக்காரராக வர முடியாது என்று. எனக்கு வேர்க்கவில்லை, நாக்குக் குழறவில்லை. பயமாகக்கூட இல்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது.

சாப்பாடு முடிந்து வாசலுக்கு வந்தேன். மிருதுளாவின் அப்பா கிருபாகரன், பெரிய முதலாளியின் மகன், கூடவே வழியனுப்ப வந்தார். கார் வந்து நின்றது. கிருபாகரன் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், இது... இது எங்க அப்பா காருங்க! நம்பரும் அதேதான். எப்படிங்க இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க?"

"டிரைவர்தாங்க பாத்துக்கறாரு. எல்லா வேலையும் அவரே செய்வாரு."

என் வீட்டுக்காரர் அதற்குள் காரை விட்டு இறங்கியிருந்தார். சொல்லத்தான் இறங்கினார், எனக்குத் தெரியும். மார்பை நிமிர்த்தி, வாயைத் திறந்துகொண்டு இரண்டு அடி வந்தார். கிருபாகரன் அவர் தோளைத் தட்டினார். அப்பாவைப் போலவே குரல்.

"வண்டிய ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. டீச்சரைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க."

முப்பத்தோரு வருஷம். அந்தக் குரல். நிமிர்ந்த முதுகு என் கண் முன்னால் வளைந்தது. இரண்டு கையும் தானாகச் சேர்ந்தன.

"செரிங்க முதலாளி" என்றார்.

அதை நான் செய்யவில்லை. அதற்கு நான் பொறுப்பும் இல்லை. நான் போட்ட கணக்கில் அது இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாராபுரத்தில் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

பின் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திறக்கவில்லை, நின்றேன். கிருபாகரன் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டார்.




ஜூன் 10, திங்கள்

விடிந்ததும் வெள்ளை பேன்ட்டைத் துவைக்க எடுத்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு மை. நேற்று விடியற்காலைத் தூறலில் கிரவுண்டில் போட்டிருந்த நாற்காலிகள் நனைந்திருக்கும், யாரோ பேப்பர் விரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். எழுத்தைப் படிக்கப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. சிரிப்பும் வரவில்லை. சோப்புப் போட்டு ஊறவைத்தேன்.

அவர் விழித்துவிட்டார். ஆனால் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். சாமான் டப்பாவைத் தொடவில்லை. சீட் மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, கடுகுக்குள்ளிருந்து அதை எடுத்துத் துடைத்தேன். பானெட்டைத் திறந்து பதினேழாவது குழியில் செருகினேன். சுவிட்சை அழுத்தினேன். சனிக்கிழமை நான் முன்னால் ஓட்டி நிறுத்திய சீட் சத்தமில்லாமல் பின்னால் வந்து தன் இடத்தில் நின்றது. நல்ல வேலைப்பாடு.

திங்கட்கிழமை, பதிவேடு பார்க்கும் நாள். எதுக்குன்னு எழுதாமல் ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது. நோட்டைத் திருப்பி முன்பக்கத்தில், எப்போதும் எழுதும் கையெழுத்தில் எழுதினேன்.

பொருள்: ஃபியூஸ், பச்சை, முப்பது. பதினேழாம் எண்.

வெளியே: ஜூன் 8, மாலை 5.40.

உள்ளே: ஜூன் 10, காலை 6.30.

எடுத்தவர்: வசந்தாமணி.

எதற்காக என்ற கட்டத்துக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது. மே பத்தாம் தேதிக்கு எதிரே அது இன்னும் காலியாக இருந்தது. இரண்டு கட்டத்திலும் ஒன்றையே எழுதினேன்.

எதற்காக: தாராபுரம் போக.

காபி போட்டு, டம்ளரோடு நோட்டையும் கொண்டுபோய் அவர் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். முன்பக்கம் மேலே இருக்கும்படிதான் வைத்தேன்.